சுற்றினால்தான் பேசும்!

பட்டிமன்றத் தலைப்பு: பழைய ஸ்பூல் டேப் டெக்கை வீட்டில் வைத்துக் காப்பது வீண் ஆசையா? வேண்டிய வேலையா?

(‘வேண்டிய வேலையே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! இவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணியின் பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி பிரமாதமாகப் பேசினாங்க. “வீட்டுக்குள்ளே ஒரு நாற்காலி போட இடமில்லை. இந்த மனுஷன் 20 கிலோ டேப் டெக்கைத் தூக்கிட்டு வர்றார். நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர் வைக்கிறார். நான் எங்கே உட்கார்ந்து துணி மடிக்கிறது?”ன்னு கேட்டாங்க. கைதட்டல் கூரையைத் தொட்டது. தட்டினது பூரா பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வீட்டுக்குப் போகணுமில்லையா! (சிரிப்பு)

எதிரணி வைத்த வழக்கு மூன்று. ஒன்று, டேப் டெக் என்பது கனம், அடைசல், செலவு. இரண்டு, வீட்டில் நாலு பக்கமும் ஒலி கேட்கிற சமாச்சாரம் 1970-களிலேயே தோற்றுப்போனது. மூன்று, இன்றைக்குச் செல்போனிலேயே சரவுண்ட் சவுண்ட் வரும்போது இந்தப் பழைய இரும்பு எதற்கு? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். மணி அடித்தாலும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

நடுவர்: மணி என் கையிலே இருக்கு. அதை ஞாபகம் வச்சுக்குங்க. (சிரிப்பு)

உத்தரவு ஐயா. முதல்லே, இங்கே வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஸ்பூல் டேப் டெக் என்றால் என்ன? கேசட்டுக்குள்ளே ரெண்டு சின்னச் சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரங்களை வெளியே எடுத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிசாக்கி, மெஷின் முகத்திலே மாட்டினால் அதுதான் ஸ்பூல் டெக். இடது தட்டிலிருந்து டேப் கிளம்பும். நடுவிலே இருக்கிற ஹெட்டை உரசிக்கொண்டு போகும். வலது தட்டிலே போய்ச் சுற்றிக்கொள்ளும். கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. இதன் அகலம் கால் அங்குலம். கேசட் வினாடிக்கு 1⅞ அங்குலம் ஓடும். இது 7½ அங்குலம் ஓடும். பெரிய மெஷின் என்றால் 15 அங்குலம். அதாவது நாலு மடங்கு, எட்டு மடங்கு.

கோலம் போடுகிற தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு சாண் இடத்திலே தேர்க்கோலம் போட முடியுமா? வாசல் அகலமாக இருந்தால்தானே ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும்? டேப்பிலும் அதே கணக்குதான். பதிகிற இடம் பெருகப் பெருக ஒலியின் நுணுக்கம் கூடும், இரைச்சல் குறையும்.

இது பிறந்தது ஜெர்மனியில். ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் 1928-இல், காகித நாடாவில் இரும்புத்தூள் பூசி ஒலியைப் பதிகிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சிகரெட் நுனியிலே தங்க நிறப் பட்டை ஒட்டுவதற்கு வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சிகரெட்டினாலே உலகத்துக்குக் கிடைத்த நல்ல காரியம் இது ஒண்ணுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியிலே மேக்னடோஃபோன் என்ற பெயரில் மெஷின் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஜாக் மல்லின் என்கிற பொறியாளர் அதைப் பார்த்து அசந்துபோய், ரெண்டு மெஷினைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஊருக்கு அனுப்பினார். 1947-இல் பிங் கிராஸ்பி என்ற பெரிய பாடகர் தன் வானொலி நிகழ்ச்சியை டேப்பில் பதிய ஆரம்பித்தார். 1948-இல் ஆம்பெக்ஸ் கம்பெனி அமெரிக்காவிலேயே மெஷின் செய்து விற்றது. நம்ம ஆல் இந்தியா ரேடியோவும் பல பத்தாண்டுகள் இந்த ஸ்பூல் டேப்பில்தான் கச்சேரியையும் நாடகத்தையும் பதிந்து வைத்தது.

இப்போ எதிரணியின் இரண்டாவது வழக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாலு பக்க ஒலி தோற்றதுன்னு சொன்னாங்க. தோற்றது யார்? அதைத்தான் நாம் பார்க்கணும்.

வீட்டுக்குள்ளே ஸ்டீரியோ முதலில் எதிலே வந்தது? இசைத்தட்டிலா? இல்லை ஐயா! அமெரிக்காவில் 1954-லேயே ஸ்டீரியோ டேப்பை விலைக்கு விற்றார்கள். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958-இல். நாலு பக்க ஒலியும் அப்படித்தான். 1969-இல் அமெரிக்காவின் வான்கார்டு கம்பெனி நாலு தடம் பதித்த ஸ்பூல் டேப்புகளை வெளியிட்டது. முன்னால் ரெண்டு ஸ்பீக்கர், பின்னால் ரெண்டு ஸ்பீக்கர். இன்றைக்கு ஹோம் தியேட்டர் என்று மார்தட்டுகிறோமே, அதற்கு மூத்த அண்ணன் இதுதான்.

பிரான்ஸ் நாட்டு இசைமேதை பெர்லியோஸ் 1837-இல் இறந்தவர்களுக்காக ஒரு பெரிய பிரார்த்தனை இசை அமைத்தார். அதில் நாலு மூலைகளிலே நாலு பித்தளை வாத்தியக் குழுக்கள் நிற்கவேண்டும். நாலு கோபுர வாசலிலும் நாலு நாதஸ்வர கோஷ்டி நின்று ஒன்றாக ஊதினால் நடுவிலே நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அந்த மாதிரி. அதை ரெண்டு ஸ்பீக்கரில் போட்டால் நாலு மூலை எங்கே இருக்கு? வான்கார்டு அந்த இசையையும் நாலு தடத்தில் வெளியிட்டது. மூலைக்கு மூலை முழங்குகிற இசை, கேட்கிறவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இதை மெஷின் எப்படிச் செய்தது? சாதாரண ஸ்டீரியோ டேப்பிலும் நாலு தடம் உண்டு. போகும்போது ரெண்டு, ரீலைத் திருப்பிப் போட்டு வரும்போது ரெண்டு. நாலு பக்க ஒலி டேப்பிலே நாலு தடமும் ஒரே திசையில் ஓடும். திருப்பிப் போடுகிற வேலையே கிடையாது. 1200 அடி டேப் 7½ அங்குல வேகத்தில் 32 நிமிஷத்தில் முடிந்துபோகும். செலவு ரெண்டு மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு ஒலியும் கடைசிவரைக்கும் தனித்தனி.

இசைத்தட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? தட்டிலே ஓடுகிற வரிப் பள்ளத்துக்கு இருக்கிறது ரெண்டே சுவர். அதனாலே நாலு ஒலியை ரெண்டாகக் கலந்து அனுப்பி, வீட்டிலே பிரித்துக்கொள் என்றார்கள். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, பாயசம் நாலையும் ரெண்டு டப்பாவிலே கலந்து ஊற்றிக்கொடுத்து, “ஆபீசுக்குப் போய்ப் பிரிச்சுச் சாப்பிடுங்க”ன்னு ஒரு மனைவி சொன்னால் எப்படி இருக்கும்? (பலத்த சிரிப்பு) முன்னால் கேட்கவேண்டியது பின்னாலும் கசியும். ஸ்பூல் டேப் என்பது நாலடுக்கு டிபன் கேரியர். ரசம் ரசமாகவே வந்து சேரும், பாயசம் பாயசமாகவே வந்து சேரும்! (கைதட்டல்)

அந்தத் தட்டிலாவது ஒற்றுமை இருந்ததா? ஒரு கம்பெனி எஸ்.க்யூ. என்றது. இன்னொரு கம்பெனி க்யூ.எஸ். என்றது. மூன்றாவது கம்பெனி சி.டி.-4 என்றது. அதற்கு ஊசியே தனி. ஒன்றுக்கு வாங்கிய கருவி இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. மூணு வீட்டுக்காரர் மூணு பூட்டுப் போட்டால் ஜனங்கள் வாசலோடு திரும்பிப் போகத்தானே செய்வார்கள்? டேப்பும் விலை அதிகம் என்பதால் எல்லார் வீட்டுக்கும் போகவில்லை. 1970-கள் முடிவதற்குள் கடை மூடியாயிற்று. நடுவர் அவர்களே, தோற்றது வியாபாரம். நாலு பக்க ஒலி தோற்கவில்லை. ஒலியைக் கலந்து பிரிக்கிற அதே வித்தையைத்தான் டால்பி கம்பெனி 1970-களின் நடுவிலே சினிமாத் தியேட்டருக்குக் கொண்டு போனது. 1982-இல் டால்பி சரவுண்ட் என்ற பெயரில் அது மறுபடி வீட்டுக்கே வந்தது.

அந்த நாலு தட டெக் என்ன ஆச்சு? அதுதான் ரசமான கதை. ஜப்பானிலே டியாக் என்ற கம்பெனி 3340 என்று ஒரு டெக் செய்தது. 10½ அங்குல ரீல், நாலு தடம். வீட்டிலே உட்கார்ந்து நாலு பக்க ஒலி கேட்பதற்காகச் செய்தது. அதிலே ஒரு வசதி வைத்தார்கள். முதல் தடத்திலே தம்புரா பதிந்தாயிற்று. அதைக் கேட்டுக்கொண்டே ரெண்டாம் தடத்தில் பாடவேண்டும். சாதாரண டெக்கிலே பதிகிற ஹெட் முன்னால் இருக்கும், படிக்கிற ஹெட் சற்றுத் தள்ளிப் பின்னால் இருக்கும். அதனாலே தம்புரா ஒரு நொடித்துண்டு தாமதமாகத்தான் காதில் விழும். பாட்டும் தாளமும் பொருந்தாது. டியாக் டெக்கிலே பதிகிற ஹெட்டையே அந்த நேரத்துக்குப் படிக்கிற ஹெட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். தாமதம் போயிற்று!

இந்த முறை 1950-களில் பெரிய ஸ்டூடியோ மெஷினிலே வந்ததுதான். ஆனால் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? ஒரே ஆள் தானே பாடி, தானே வாசித்து, தானே கோரஸ் போட்டு முழுப் பாட்டைப் பதிய முடிந்தது. ஸ்டூடியோ வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களுக்கு இந்த டெக்கே ஸ்டூடியோ ஆனது. 1979-இல் அதே கம்பெனி அந்த நாலு தடத்தைக் கேசட்டிலே அடக்கி, கையிலே தூக்கிப் போகிற மாதிரிச் செய்தது. அப்படிப்பட்ட கேசட் மெஷினை வைத்துத்தான் 1982-இல் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகர் வீட்டிலேயே பதிந்த பாட்டுகளை ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளியிட்டார். கேட்பதற்காகச் செய்த கருவி, பாடுகிறவனை உருவாக்கியது ஐயா! இதுவா தோல்வி? (கைதட்டல்)

அடுத்து முதல் வழக்கு. கனம், இடம், செலவு. கனம் உண்மை. ஆனால் நாலு ஸ்பீக்கர் புதிதாக வாங்கவேண்டும் என்பது உண்மையில்லை. ஹோம் தியேட்டர் இருக்கிற வீட்டிலே ஏற்கெனவே அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு. பல ரிசீவர்களின் முதுகிலே, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி வயர் செருகுகிற துளைகள் இருக்கும். டெக்கிலிருந்து வருகிற நாலு வயரிலே ரெண்டை முன்பக்கத்துக்கும் ரெண்டைப் பின்பக்கத்துக்கும் செருகினால் தீர்ந்தது. நடு ஸ்பீக்கர் சும்மா இருக்கும். வீட்டிலே ஒருத்தராவது சும்மா இருக்கட்டுமே! (சிரிப்பு) புதிதாக வருகிற ரிசீவர்களில் இந்தத் துளைகள் குறைந்துவிட்டன. அதனாலே பழைய ரிசீவரையும் அவசரப்பட்டுப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவும் பராமரிப்பும் உண்டு. ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைக்கவேண்டும். ரப்பர் உருளை இறுகிப்போனால் மாற்றவேண்டும். வருஷக்கணக்கில் உறங்கிய மெஷினை நேராகக் கரண்டில் செருகக்கூடாது. தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்க்கவேண்டும். சகோதரி, இதைப் போய்த் தொல்லைன்னு சொன்னீங்களே! மாவரைக்கிற கல்லைக் கழுவாமல் வைப்போமா? வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் கவனிப்பு வேண்டும்.

மூன்றாவது வழக்கு, செல்போன். இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டேப்பிலே ‘ஸ்’ என்று இரைச்சல் உண்டு. பிரதி எடுக்க எடுக்க அது கூடும். டிஜிட்டலிலே இரைச்சல் குறைவு. ஆயிரம் பிரதி எடுத்தாலும் ஒரே மாதிரி. டிஜிட்டலைவிட டேப் உசத்தி என்று வாதாட நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது வேறு கேள்வி. அந்தச் செல்போனுக்குள்ளே பழைய இசை எப்படி வந்தது? யாரோ ஒருத்தர் டேப்பை எடுத்து, ஓடுகிற டெக்கிலே மாட்டி, சுற்றவிட்டதால் வந்தது! பிங்க் ஃப்ளாய்டு குழு 1973-இல் வெளியிட்ட ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டுக்கு அந்தக் காலத்திலேயே நாலு பக்க ஒலிக்கலவை செய்தார்கள். அது டேப்பிலே இருந்தது. 2011-இல்தான் அந்தக் குழுவின் தொகுப்பிலே டிஜிட்டல் வட்டாக வெளிவந்தது. டிஜிட்டல் நமக்கு எதிரி இல்லை ஐயா, மாப்பிள்ளை! ஆனால் பெண்ணைக் கொடுக்கிற வீட்டை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டி என்ன பிரயோஜனம்? (பலத்த கைதட்டல்)

நடுவர்: மாப்பிள்ளை என்றதும் எதிரணி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க. சீக்கிரம் முடிங்க.

முடிக்கிறேன் ஐயா. ஆனால் ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1966, 1967 வருஷங்களிலே அமெரிக்காவின் நாசா, சந்திரனைப் படமெடுக்க லூனார் ஆர்பிட்டர் என்று ஐந்து விண்கலங்களை அனுப்பியது. படங்களையெல்லாம் ரெண்டு அங்குல அகல டேப்பிலே பதிந்து வைத்தார்கள். டேப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் படிக்கிற மெஷின் உலகத்திலேயே அரிதாகப் போய்விட்டது. நான்சி எவன்ஸ் என்ற நாசாவைச் சேர்ந்த அம்மையார், வேண்டாமென்று ஒதுக்கிய அந்த மெஷின்களைத் தன் வீட்டு கார் ஷெட்டிலே வைத்துக் காப்பாற்றினார். பல வருஷம்! ஒவ்வொன்றும் ஆள் உயர பீரோ மாதிரி இருக்கும். அந்த வீட்டிலும் “இந்த இரும்பு எதற்கு?” என்று யாராவது கேட்டுத்தானே இருப்பார்கள்? 2008-இல் அந்த மெஷினை ஒரு குழு பழுது பார்த்தது. எங்கே வைத்து? நாசா வளாகத்திலே மூடிக்கிடந்த ஒரு பழைய பர்கர் கடையில்! 1966-இல் சந்திரன் பக்கத்திலிருந்து எடுத்த பூமியின் படம், முன்னைவிடத் துல்லியமாக மீண்டும் கிடைத்தது. டேப்பை நாசா காப்பாற்றியது. மெஷினைக் காப்பாற்றியது ஒரு பெண்மணி. ரெண்டும் சேர்ந்தபோதுதான் பூமியே கண்ணுக்குத் தெரிந்தது! (நீண்ட கைதட்டல்)

நாசாவுக்கே அந்தக் கதி என்றால் சாதாரண வீட்டின் கதி என்ன? வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் உள்ளங்கை அளவு ரீலிலே பேசிப் பதிந்து, கடிதத்துக்குப் பதிலாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சில பேர் திரும்பி வரவில்லை. ரீல் மட்டும் அலமாரியிலே இருக்கு. பேரப்பிள்ளை கையிலே எடுத்துப் பார்க்கிறான். காதிலே வைத்தால் பேசுமா? வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தால் பேசுமா? பழைய போட்டோவுக்குக் கண் போதும். பழைய கடிதத்துக்குக் கண்ணாடி போதும். பழைய டேப்புக்கு, அதன் வேகத்துக்கும் தடத்துக்கும் பொருந்துகிற ஒரு மெஷின் வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பையன் உயிரோடு பேசிய பேச்சு, வெறும் பழுப்பு நாடா!

இன்னொரு ஆபத்தும் இருக்கு. மெஷின் மட்டுமல்ல, டேப்பும் சாகிறது. 1970-களிலும் 1980-களிலும் செய்த சில வகை டேப்புகளில், இரும்புத்தூளை ஒட்டவைத்த பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் ஹெட்டிலே அப்பிக்கொண்டு கிறீச்சிடும். ஒலி பதிந்த பூச்சே உரிந்து வந்துவிடும். அந்த வகை டேப்பை, தெரிந்தவர்கள் 50, 55 டிகிரி இளஞ்சூட்டிலே பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். பசை கொஞ்ச நாளைக்கு இறுகும். அதற்குள்ளே ஓட்டிப் பிரதி எடுத்துவிடவேண்டும். தாய்மார்களே, தயவுசெய்து இதை வீட்டு அடுப்பிலே செய்து பார்க்காதீர்கள். சூடு கொஞ்சம் எல்லை மீறினாலும் டேப் போச்சு. எல்லா டேப்புக்கும் இந்த வைத்தியம் ஆகாது. வீட்டிலே பழைய ரீல் இருந்தால் ஈரமில்லாத, வெயில் படாத இடத்திலே புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலே வைக்காதீர்கள், அதிலே காந்தம் இருக்கு. அதிலே யார் குரல் என்று மேலே எழுதி வையுங்கள். ஓடுகிற டெக் வைத்திருப்பவர் யார் என்று விசாரித்துப் பிரதி எடுங்கள்.

இதோ, என் வாதமே இங்கேதான் இருக்கு. ஓடுகிற டெக் வைத்திருப்பவர் யார்? எதிரணி பேச்சைக் கேட்டு எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டால் யாரைப் போய் விசாரிப்பது? வீட்டுக்கு ஒரு டெக் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு நாலு பேராவது வைத்திருக்கவேண்டும். அவர்கள் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மாலை நேரத்திலே நாலு பக்கமும் இசை ஒலிக்கவிட்டு ரசிக்கட்டும். அந்த ரசனை இருக்கிறவரைக்கும் மெஷின் ஓடும். மெஷின் ஓடுகிறவரைக்கும் யாரோ ஒருவர் வீட்டுத் தாத்தாவின் குரலுக்கு வழி இருக்கும்.

அதனாலே சகோதரி, துணி மடிக்க இடமில்லை என்றால் டெக்கை ஓரமாக நகர்த்தச் சொல்லுங்கள். அவரே நகர்த்தட்டும், 20 கிலோதானே, உடம்புக்கும் நல்லது! (சிரிப்பு) தெருவுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

நடுவர் அவர்களே! எழுத்தைக் காக்க நூலகம் வைத்தோம். நெல்லைக் காக்கக் குதிர் வைத்தோம். சுற்றினால்தான் பேசும் என்கிற ஒரு குரலைக் காக்க, சுற்றுகிற ஒரு சக்கரம் வேண்டாமா? அதை வைத்துக் காப்பது வீண் ஆசை அல்ல, வேண்டிய வேலையே, வேண்டிய வேலையே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)